கண்ணாடியைத் திருப்பியது யார்?

ஜவாத் பல்செட் செய்கிறவன். அதனால் யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டான், பல்லைத்தான் பார்ப்பான். அந்த வியாழக்கிழமை காலையிலும் என் வாயைப் பார்த்தபடியே கத்திக்கொண்டிருந்தான்.

“ஆறு வாரமா இதே கூத்து! மத்தியானம் வந்து பாத்தா இந்த இடது கண்ணாடி திரும்பியிருக்கும். வாரத்துக்கு ஒரு புதுக் கீறல். முதல் வாரமே தூணோரமா இடம் மாத்தினேன், ஒரு பக்கமாவது ஆள் வராம இருக்கட்டும்னு. அப்புறம் ஹேண்டில் முனையில ரப்பர் மாட்டினேன். போன வாரம் கவர் வாங்கிப் போட்டேன். இந்த வாரம் சங்கிலி போட்டுத் தூணோட கட்டினேன். இன்னும் என்னதான் செய்யறது? வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்க் கட்டில்ல படுக்க வைக்கவா?”

“கட்டில்ல எந்தப் பக்கம்னு உங்க வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க” என்றேன்.

“மிலூத்” என்றார் லல்லா பத்தூல். அவர் என் பெயரை அப்படிச் சொன்னால் வாயை மூடு என்று அர்த்தம். மூடிக்கொண்டேன்.

காஸாபிளாங்காவில், டெர்ப் ஓமார் மொத்தத் துணிக்கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது அந்த வண்டிக்கொட்டடி. ஒரு காலத்தில் சர்க்கரைக் கிடங்கு. கூரை போய்விட்டது, தூண்கள் மட்டும் நிற்கின்றன. அறுபது வண்டி நிற்கும் இடத்தில் நூற்றிருபது நிற்கும். ஒன்றை வெளியே எடுக்க ஒன்பதை நகர்த்த வேண்டும். ஜவாத் வேலை பார்க்கும் பல் கூடம் அடுத்த சந்தில். காலை எட்டு மணிக்குத் தன் சிவப்பு மோட்டார் பைக்கை இங்கே விட்டுவிட்டுப் போவான். இரண்டு மணிக்கு எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி டாக்டர்களுக்குப் பல்செட் கொடுப்பான்.

“இந்த ஆளுக்குத் தெரியாம இங்க ஈ நுழையாது” என்று காவலாளியைக் கைகாட்டினான். “கொட்டடி முதலாளிகிட்ட சொல்லிட்டேன். நாளைக்குள்ள யாருன்னு தெரியலைன்னா இவருக்கு வேலை கிடையாது.”

காவலாளி பா பூஷைப் சுவரோரம் மஞ்சள் சட்டையில் நின்றார். வயது அறுபத்தைந்து இருக்கும்; எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு ‘பா’, மதிப்பான பெண்களுக்கு ‘லல்லா’. ஜவாத் கத்தக் கத்த, எதிரே நின்ற ஏதோ ஒரு வண்டியின் டேங்க்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது துடைக்க வேண்டிய அளவுக்கு அழுக்காக இல்லை.

“பா பூஷைப், யார் வர்றாங்கன்னு பாத்தீங்களா?” என்று கேட்டார் லல்லா.

“மத்தியானம் தொழுகைக்குப் போவேன், லல்லா. நான் என்னத்தைக் கண்டேன்?”

லல்லா பத்தூல் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்த்தவர்; இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார், நான் அவர் உதவியாளன். பொய் சொல்கிற மனிதர்களைவிடப் பொய் சொல்கிற தகரங்களை அதிகம் பார்த்திருக்கிறார். கழுத்துக் கயிற்றில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்பு வண்டியின் பக்கத்தில் குந்தினார்.

“கவர் எப்படி இருந்துச்சு?”

“போட்டபடியே இருந்துச்சு. கொக்கிகூட மாட்டியிருந்துச்சு. அதான் இன்னும் எரிச்சல்! கெடுதல் பண்ணிட்டு நல்ல பிள்ளை மாதிரி மூடி வச்சிட்டுப் போறான்.”

“கெடுதல் பண்ண வந்தவன் மூட மாட்டான்” என்றார் லல்லா. “கீறல் எல்லாம் இடது பக்கம். தூண் இருக்கிற பக்கம். ஒரு பய உள்ள நுழைய முடியாத பக்கம். மிலூத், இந்தக் கீறல்ல விரலை வச்சுப் பாரு.”

வைத்தேன். விரலில் வெள்ளையாக ஒட்டியது. தூணின் சுண்ணாம்பு.

“அப்ப குற்றவாளி தூணா? கைவிலங்கு பத்தாதே, லல்லா. சுத்தளவு நாலடி இருக்கும்.”

“தூணுக்குக் கூட்டாளி ஒண்ணு இருக்கு.” அவர் வலது பக்கம் வந்து, பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட்டைக் காட்டினார். அதன் நுனியில் பச்சைப் பெயின்ட் தடவியிருந்தது. பக்கத்து இடத்தில் நிற்பது பச்சை ஸ்கூட்டர். “ஜவாத், இது மடங்கிக் கிடக்குமா, விரிஞ்சு கிடக்குமா?”

ஜவாத் யோசித்தான். “நான் தனியாத்தான் ஓட்டறேன். மடக்கித்தான் வைப்பேன். ஆனா... ஆமா, தினமும் விரிஞ்சு கிடக்கும். கண்ணாடியைத் திருப்பறப்போ இதையும் மடக்கிட்டுத்தான் கிளம்புவேன். இதைப் போய் யாரு கணக்குல எடுத்தா?”

“மத்தியானம் இது விரிஞ்சு நீட்டிக்கிட்டிருக்கு. பச்சை ஸ்கூட்டர்க்காரன் வழக்கம்போல இடிச்சுத் தள்ளி நிறுத்தறான். உங்க வண்டி சென்டர் ஸ்டாண்டுல இருந்து சாஞ்சு தூண்ல உராயுது. அவ்வளவுதான். கீறலை யாரும் போடலை. ஒரு ஆளு கையால செஞ்சது இங்க ரெண்டே ரெண்டு வேலை. ஃபுட்ரெஸ்ட்டை விரிச்சது, கண்ணாடியைத் திருப்பினது.”

“எதுக்காக?”

லல்லா ஜவாத்திடம் கண்ணாடி எப்படித் திரும்பியிருக்கும் என்று கேட்டு, அதே மாதிரி வைக்கச் சொன்னார். உள்பக்கமாக, கொஞ்சம் மேலே பார்த்தபடி வைத்தான். பிறகு லல்லா தன் நீண்ட ஜெல்லாபா அங்கியின் ஓரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுகிறவன் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“ரோடு தெரியலை” என்றார். “மிலூத், பின்னால ஏறு.”

“வண்டி தாங்குமா பாருங்க. ராத்திரி ரெண்டு தட்டு வெள்ளைப் பயறு...”

“ஏறு.”

ஏறினேன். ஃபுட்ரெஸ்ட்டை விரித்துக் கால் வைத்தேன். இடது கண்ணாடியில் லல்லாவின் கண்கள் நேராக என்னைப் பார்த்தன. இவ்வளவு பக்கத்தில், யாருக்கும் தெரியாமல், இரண்டு பேர் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ள அந்த ஒரு கண்ணாடி போதும்.

“இது வழி பாக்க வச்சது இல்ல” என்றார் லல்லா மெதுவாக. “பின்னால உக்காந்திருக்கிற ஆளோட முகத்தைப் பாக்க வச்சது. யாரோ ஒருத்தன் கண்ணாடியை இப்படித்தான் வச்சு ஓட்டியிருக்கான். அவன் பின்னால உக்காந்தவளுக்கு அது நல்லாத் தெரியும்.”

இறங்கி ஜவாத்தைப் பார்த்தார். “வண்டி புதுசா வாங்கினதா?”

“இல்ல. பழசு. பிப்ரவரில வாங்கினேன்.”

“யார்கிட்ட?”

ஜவாத்தின் கத்தல் அப்போதுதான் முதல் முறையாக இறங்கியது. “கத்தூர்னு ஒருத்தன். துறைமுகத்துப் பக்கம் வெல்டிங் வேலை பாத்தவன். பேப்பர் மாத்திக் கையெழுத்துப் போட்ட அன்னிக்கே, ‘பஸ் ஸ்டாண்டுல விட்டுடு’ன்னான். இதே வண்டியிலதான் கொண்டுபோய் விட்டேன். தக்லா போற பஸ்.”

“தக்லாவுக்கா? எதுக்கு?”

“மீன்பிடி வேலைன்னான். ஆனா பையோட ஜிப் சரியா மூடலை, லல்லா. உள்ள ஆரஞ்சு கலர்ல மிதவைச் சட்டை. அதுவும் புதுசு. மீன் பிடிக்கப் போறவன் இங்கிருந்து அதை வாங்கிட்டுப் போவானா?”

தெற்கே தக்லாவிலிருந்து படகு ஏறுகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்பெயினின் தீவுகள். போனவர்களில் சிலர் போன் பண்ணுவார்கள்.

லல்லா கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். தெற்கே ஒரு பெண்மணி இருக்கிறார். கடலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காகப் பட்டியல் வைத்திருப்பவர். லல்லா ஐந்து நிமிஷம் பேசினார். பேசியதைவிடக் கேட்டதே அதிகம். திரும்பி வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

“ஜவாத், நீங்க வேலைக்குப் போங்க. ரெண்டு மணிக்கு வந்தாப் போதும். அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் தலையே காட்டக் கூடாது.”

கொட்டடிக்கு எதிரே நத்தை சூப் வண்டி ஒன்று உண்டு. நானும் லல்லாவும் அங்கே போய் நின்றோம். நான் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தேன். லல்லா முதல் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

பன்னிரண்டரைக்குத் தொழுகை அழைப்பு கேட்டது. பா பூஷைப் அசையவில்லை.

“தொழுகைக்குப் போவேன்னாரே?” என்றேன்.

“அவரு நிக்கறது இன்னொருத்தர் வர்றதுக்காக.”

பத்து நிமிஷத்தில் அவள் வந்தாள். முப்பது வயது இருக்கும். தையல் ஃபாக்டரியின் நீல மேலங்கி. தலைத்துணியின் ஓரத்தில் நூல் பிசிறுகள். வேகமாக வந்தவள் வாசலில் நின்று தலைத்துணியைச் சரிசெய்து, கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வீட்டு வாசலில் அழைப்பு மணி அடிப்பதற்கு முன்பு செய்வதுபோல. பா பூஷைப் முன்னால் போய்ச் சிவப்பு வண்டியின் கவரை எடுத்து, பின் சீட்டைத் தன் துணியால் துடைத்தார். பிறகு வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

அவள் ஃபுட்ரெஸ்ட்டைக் காலால் விரித்தாள். இடது கண்ணாடியைத் திருப்பினாள். பின்னால் ஏறி, முன் சீட் காலியாக இருக்க, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அழவில்லை. ஏதோ பேசினாள். முன்னால் யாரோ இருப்பதுபோலச் சாதாரணமாக, நடுவில் ஒருமுறை சிரித்துக்கொண்டு.

என் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

நாங்கள் உள்ளே போனதும் பா பூஷைப் குறுக்கே வந்தார். “லல்லா, வேண்டாம். என்னை வேலையை விட்டுத் தூக்கிக்கட்டும். அந்தப் பொண்ணை ஒண்ணும் கேக்காதீங்க.”

“நான் கேக்க வரலை, பா. சொல்ல வந்திருக்கேன்.”

அவள் பதறி இறங்கினாள். லல்லா தன் பெயரைச் சொல்லி, உட்காரச் சொல்லி, பெயர் கேட்டார். யாம்னா. கத்தூரின் மனைவி.

“நான் ஒண்ணும் திருடலை, லல்லா. இது என் வீட்டுக்காரர் வண்டி. நம்பரைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். சந்தைக்கு வந்தப்போ, அந்த வாசல் வழியாத் தெரிஞ்சுது. அங்கயே உக்காந்துட்டேன். இந்தப் பெரியவர்தான் தண்ணி குடுத்தாரு. ‘இந்த வண்டிக்காரர் வர்றாரா?’ன்னு கேட்டேன். ‘தினம் காலையில வர்றாரு, மத்தியானம் போறாரு’ன்னாரு. அது போதும் எனக்கு.”

“வந்தவரை நேர்ல பாக்கலையா?”

“பாக்க மாட்டேன்” என்றாள். குரலில் ஒரு பிடிவாதம். “எங்களுக்குள்ள சண்டை. படகுல போறேன், வண்டியை வித்துப் படகுக்காரனுக்குக் காசு குடுக்கறேன்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. ‘வண்டியை வித்தா இந்த வீட்டுப் படி மிதிக்காதே’ன்னேன். மறுநாளே கிளம்பிட்டாரு. ஏழு மாசமாப் படகுல போயிட்டாருன்னுதான் நெனச்சிருந்தேன். ஆனா பாருங்க, வண்டி இங்க நிக்குது! விக்கலை. என் பேச்சைக் கேட்டிருக்காரு. கோவம்தான் ஆறலை. நான் ஓடிப் போய்ப் பிடிச்சா இன்னும் தள்ளிப் போவாரு, அவரு குணம் அப்படி. அதான் தினமும் கண்ணாடியைத் திருப்பி வச்சு, ஃபுட்ரெஸ்ட்டை விரிச்சு வச்சுட்டுப் போறேன். நான் ஏறத் தயார், நீ வந்து கூட்டிட்டுப் போன்னு அர்த்தம். அவருக்குப் புரியும்.”

“புரிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

யாம்னா என்னைப் பார்த்து, அசடு வழிகிறவனிடம் பேசும் பொறுமையோடு சிரித்தாள். “பதில் சொல்றாரே! மறுநாள் வந்தா கண்ணாடி பழையபடி திரும்பியிருக்கும். ஃபுட்ரெஸ்ட் மடங்கியிருக்கும். இன்னும் கோவம் போகலைங்கறாரு. போன வாரம் கவர் போட்டாரு, ஏறக் கூடாதாம். இந்த வாரம் சங்கிலி! சின்னப் பிள்ளை மாதிரி. ஆனா ஒருநாள்கூட பதில் சொல்லாம இருந்ததில்ல, தெரியுமா?”

லல்லா பத்தூல் வாயைத் திறந்தார். விபத்தில் செத்தவர்களின் வீடுகளுக்குப் போய் இருபது வருஷம் செய்தி சொன்னவர். எந்த வார்த்தையை முதலில் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த முதல் வார்த்தை வருவதற்குள் வாசலில் சத்தம் கேட்டது.

ஜவாத்துக்குப் பொறுக்கவில்லை. ஒரு மணிக்கே வந்துவிட்டான்.

“பிடிச்சாச்சா? யாரு? இவளா?” பா பூஷைப் அவன் கையைப் பிடித்தார், உதறினான். “ஏம்மா, ஊர்ல உக்கார வேற வண்டி கிடைக்கலையா உனக்கு? ஒரு கண்ணாடிக்கு என்ன விலை தெரியுமா?”

“இது என் வீட்டுக்காரர் வண்டி” என்றாள் யாம்னா. “நீங்க யாரு?”

பழக்கதோஷத்தில் ஜவாத்தின் கை மட்டும் தன் வேலையைச் செய்தது. பையிலிருந்து சாவியை எடுத்துச் சங்கிலிப் பூட்டில் போட்டுத் திருகினான். பூட்டு திறந்தது.

யாம்னா அந்தச் சாவியைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை.

“உங்ககிட்ட எப்படி...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். சொல்லத் தேவையில்லாமல் எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக நடந்தது. கடைசியில் மிகவும் சன்னமாகக் கேட்டாள்.

“அப்ப கண்ணாடியைத் திருப்பி வச்சது?”

ஜவாத் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரின் கண்ணைப் பார்த்துப் பேசினான் என்று நினைக்கிறேன்.

“நான்தான்” என்றான்.

“தினமுமா?”

“தினமும்.”

“ஃபுட்ரெஸ்ட்டு?”

“அதுவும் நான்தான், தங்கச்சி.”

அவள் கீழே சரியவில்லை, கதறவில்லை. மேலங்கியின் ஓரத்தைப் பிடித்துப் பிசைந்துகொண்டே நின்றாள். லல்லா அவள் தோளைச் சுற்றிக் கைபோட்டு, மீதியை மெல்லிய குரலில் சொன்னார். பிப்ரவரி பதினொன்றில் வண்டியை விற்ற கையோடு, ஜவாத் கொண்டுபோய் விட்ட தக்லா பஸ். பதின்மூன்றாம் தேதி இரவு அங்கிருந்து ஒரு படகு. நாற்பத்தி இரண்டு பேர். அந்தப் படகிலிருந்து இன்றுவரை ஒரு வீட்டுக்கும் போன் வரவில்லை.

“பஸ் ஸ்டாண்டுல ஏதாவது சொன்னாரா?” என்று ஜவாத்திடம் கேட்டாள்.

பொய் சொல்லிவிடேன் என்று மனதுக்குள் வேண்டினேன். ஒரு வார்த்தை. என்ன கெட்டுவிடும்? ஜவாத் கத்துகிறவன்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவன்.

“ஒண்ணும் சொல்லலை. பஸ்ஸுல ஏறி ஜன்னலோரமா உக்காந்தாரு. பஸ் திரும்பற வரைக்கும் வண்டியையே பாத்துக்கிட்டிருந்தாரு.”

“பின் சீட்டையா?”

“எனக்குத் தெரியலை, தங்கச்சி. நான் கவனிக்கலை.”

அவள் தலையை ஆட்டினாள். ஃபாக்டரியில் ஒன்றேகாலுக்கு மணி அடிப்பார்கள் என்று சொல்லிவிட்டு நடந்துபோனாள். லல்லா என்னைப் பின்னால் அனுப்பினார். ஃபாக்டரி வாசல்வரை பத்தடி தள்ளியே நடந்தேன். அவள் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் சொல்ல ஒரு வேடிக்கையும் அகப்படவில்லை.

திரும்பி வந்தபோது பா பூஷைப் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“முதல் நாள் எனக்குத் தெரியாது, லல்லா. வண்டிக்காரர் வர்றாருன்னுதான் சொன்னேன். அது நிஜம்தானே? ஒரு வாரம் கழிச்சுத்தான் அவ யாரை நெனச்சுக் கேட்டான்னே புரிஞ்சுது. அதுக்குள்ள அவ சிரிக்க ஆரம்பிச்சிருந்தா. அதை எந்த வாயால நிறுத்தறது?”

“ஆறு வாரம், பா” என்றார் லல்லா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

ஜவாத் முதலாளியிடம் போய்க் கீறல்களுக்குக் காரணம் தூண்தான் என்று சொல்லிவிட்டான். காவலாளியின் வேலை போகவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியான விடுமுறையில் யாம்னா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். தெற்கேயுள்ள அந்தப் பெண்மணியின் பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஜவாத் சாட்சிக் கையெழுத்துக்காக முன்பே வந்து, வண்டியைத் தெருவின் மறுகோடியில், அவள் கண்ணில் படாத இடத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான்.

லல்லா ஒவ்வொரு கேள்வியாகப் படித்து எழுதினார். பெயர், வயது, உயரம். இடது முன்னங்கையில் வெல்டிங் பட்ட தழும்பு. எல்லாவற்றுக்கும் யாம்னா தயங்காமல் பதில் சொன்னாள்.

“கடைசியா அவரை எப்போ பாத்தீங்க?”

லல்லா நிமிர்ந்தார்.

“நேத்து வரைக்கும் தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்” என்றாள் யாம்னா.

லல்லாவின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. ஜவாத் எழுந்து ஜன்னலோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். கீழே தெருவில் யாரோ வண்டியை எடுக்க வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அது ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

பிறகு சொன்னாள். “பிப்ரவரி பதினொண்ணுன்னு எழுதிக்குங்க, லல்லா. காலையில.”